ரங்கூனில் பழைய உதிரிகளைக் கொண்டு ஒரு விண்டேஜ் சைக்கிள் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரங்கூனில் பழைய சைக்கிள் உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. தெருமுனையில் பம்பும் தண்ணீர்த் தட்டும் வைத்துப் பஞ்சர் ஒட்டுகிறவரிடம், ஆள் ஏற்றும் சைக்கிள் சைட்கார்கள் வரிசையாக நிற்கும் இடங்களில், பழைய இரும்புக் கடையில், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகளில் என்று எங்கே பார்த்தாலும் ஒரு சக்கரமோ ஹேண்டில்பாரோ தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றைக் கொண்டே நம் உடம்புக்கும் நம் தெருவுக்கும் நம் மழைக்கும் பொருந்துகிற ஒரு சைக்கிளைக் கட்டலாம். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தால் வண்டி உருவாகாது. எது எதோடு சேரும், எது சேரவே சேராது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். ஸ்பானர் பிடிக்கும் வேலை அதற்கு அப்புறம்தான்.

எந்தக் குடும்பத்து உதிரி?

நம் ஊரில் கிடைப்பவை மூன்று குடும்பங்கள். முதலாவது ஆங்கிலேயர் காலத்தது: நாட்டிங்ஹாமின் ராலி, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்றவை. சென்னை அம்பத்தூரில் 1950-களிலிருந்து தயாரான ஹெர்குலிஸ் உள்ளிட்ட இந்திய வண்டிகளும் இதே வழியில் வந்தவைதான். இரண்டாவது சீன வண்டிகள்: ஷாங்காயின் ஃபீனிக்ஸ், ஃபாரெவர், தியான்ஜினின் ஃப்ளையிங் பிஜன். தோற்றத்தில் இவை ஆங்கில வண்டியின் நேர் வாரிசுகள். அதே பெரிய 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுபடும் அதே கம்பி பிரேக். மூன்றாவது, இப்போது அதிகம் கிடைக்கும் ஜப்பான் வண்டிகள்: முன்கூடையும் தாழ்ந்த பிரேமும் கொண்ட வீட்டு உபயோக சைக்கிள்கள்.

2019-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூடிப்போன பகிர்வு சைக்கிள் நிறுவனங்களின் வண்டிகள் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்டன. நடந்தே பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. நம் வேலைக்கு அவை ஆகாது. அவற்றின் உதிரிகளில் பலவும் அந்தந்த நிறுவனத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்டவை.

குடும்பம் விட்டுக் குடும்பம் தாராளமாக மாறக்கூடியவை சில உண்டு. பெடல் மரை மூன்றிலும் பெரும்பாலும் 9/16 அங்குலம். ஒற்றைக் கியர் செயின் 1/2 × 1/8. பின் சக்கரத்தில் திருகி மாட்டும் பல்சக்கரமான ஃப்ரீவீலின் மரையும் பொதுவாக ஒன்றே. சீட் கம்பி பெரும்பாலும் 25.4 மி.மீ.; இருந்தாலும் அளந்து பார்த்தே வாங்குங்கள். சீட், மட்கார்டு, கேரியர், பெல், விளக்கு எல்லாம் எப்படியும் பொருத்திவிடலாம்.

மாறவே மாறாதவை நான்கு: பிரேம், முன் சக்கரத்தைப் பிடிக்கும் அதன் போர்க், போர்க் சுழலும் ஹெட் கப்புகள், பெடல் மாட்டிய கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் கப்புகள். மற்ற ஆங்கில வண்டிகள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை வைத்தபோது, ராலி தன் பழைய பிரேம்களில் 26 மரை வைத்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். 24 மரைக் கப்பை 26 மரைப் பிரேமில் வைத்துத் திருகினால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அங்கே பலம் கொடுத்தால் பிரேமின் மரையே போய்விடும். அதனால் இந்த நான்கையும் ஒரே வண்டியிலிருந்து, ஒன்றாக வாங்குங்கள். போர்க் இல்லாத அழகான ராலி பிரேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

பிரேமைப் பார்த்து வாங்குவது

முதலில் உங்கள் உயரம். பிரேமின் மேல் குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி நின்றால் 2, 3 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

அடுத்து விபத்தின் தடம். ஹெட் குழாயிலிருந்து கீழே இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தில், இணைப்பை ஒட்டிய இடத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால், பெயின்ட் கோடு கோடாக வெடித்திருந்தால், அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. போர்க்கைப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவு தொடங்கும் இடம் வரை அது ஹெட் குழாயின் அதே கோட்டில் போக வேண்டும். பின்னால் தள்ளியிருந்தால் வேண்டாம்.

பின் பகுதி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் இடது காதில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றி, வலது காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மி.மீ. வித்தியாசத்தைப் பட்டறையில் சரிசெய்துவிடலாம்.

துருவைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். மேல்துரு போய்விடும். பயப்பட வேண்டியது உள்துரு. மழைத்தண்ணீர் சீட் குழாய் வழியாக இறங்கித் தேங்குவது கீழே கிராங்க் அச்சு இருக்கும் குடத்தில்தான். அந்தப் பகுதியைச் சிறு ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். மணிச் சத்தம் வந்தால் இரும்பு கெட்டியாக இருக்கிறது. மந்தமாக, உதிர்கிற சத்தம் வந்தால் சல்லடையாகிவிட்டது.

பிரேம் எண்ணையும் பாருங்கள். அரத்தால் ராவி அழித்திருந்தால் அது யாரோ ஒருவரிடமிருந்து திருடிய வண்டியாக இருக்கலாம், வாங்காதீர்கள்.

மூன்று கியர் ஹப் கிடைத்தால்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின் சக்கர நடுவில் பருத்த, எஃகுக் குடம் போன்ற ஹப்பும், அதன் வலது அச்சிலிருந்து ஒரு சின்னச் சங்கிலியும் தெரிந்தால், அது ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற ஆங்கில நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பாக இருக்கலாம். 1936-இல் அறிமுகமான ஏ.டபிள்யூ. என்ற மாதிரிதான் அதிகம் கிடைக்கும். அதன் மேலுள்ள அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் எழுத்துக்குப் பக்கத்தில் எண்கள் தெரியும்: 55 என்றால் 1955, அடுத்த எண் மாதம். முழு வண்டியின் வயதை ஊகிக்க இதுவே நல்ல சான்று, சக்கரத்தை யாரும் மாற்றாமல் இருந்தால்.

இந்த ஹப்பின் வேலைப்பாட்டுக்கு என்னிடம் தனி மரியாதை உண்டு. நடுக் கியரில் சக்கரம் பல்சக்கரத்தோடு ஒன்றுக்கொன்றாகச் சுற்றும். கீழ்க் கியரில் 75 சதவீதம், மேல் கியரில் 133 சதவீதம். அவ்வளவையும் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் செய்கின்றன. பல பத்தாண்டுகள் கிடந்த ஹப் கூடப் பெரும்பாலும் சாகவில்லை, காய்ந்துதான் போயிருக்கிறது. குடத்தில் இருக்கும் மூடியைத் திறந்து மண்ணெண்ணெயில் கலந்த எண்ணெய் கொஞ்சம் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். கறுப்பாக வெளியேறும். அப்புறம் ஒரு தேக்கரண்டி மெல்லிய மெஷின் எண்ணெய். உள்ளே கிரீஸ் வேண்டாம். கிரீஸ் கெட்டியானால் உள்ளிருக்கும் சின்னக் கொக்கிகள் எழாமல் ஒட்டிக்கொள்ளும்.

கேபிளைச் சரிசெய்வதும் எளிது. லிவரை நடுக் கியரில் வையுங்கள். வலது ஆக்சில் நட்டின் ஓட்டை வழியாகப் பார்த்தால், சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் ஆக்சிலின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். இதை அலட்சியமாக விடாதீர்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எந்தக் கியரும் பிடிக்காத ஒரு நிலை இருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது ஹப் அங்கே நழுவினால் பெடல் சட்டென்று வெறுமையாகி ஆளைக் கீழே தள்ளிவிடும்.

சக்கரம்: மழையை நினைத்து முடிவெடுங்கள்

டயரில் 28, 26 என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அதே டயரின் பக்கவாட்டில் 37-590, 40-635 என்பது போல இன்னொரு எண் இருக்கும். பின்னால் இருப்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீட்டரில். அது ஒத்துப்போனால்தான் டயர் ரிம்மில் ஏறும். ரோட்ஸ்டர் எனப்படும் பெரிய வண்டியின் 28 × 1½ டயர் 635. ராலியின் சிறிய ஸ்போர்ட்ஸ் வகை 26 × 1⅜ டயர் 590.

இங்கேதான் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு. ஜப்பான் வீட்டு சைக்கிள்களின் 26 × 1⅜ சக்கரமும் அதே 590 தான். அதாவது பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் பிரேமில், ஜப்பான் வண்டியின் அலுமினிய ரிம் சக்கரத்தை மாட்டலாம். பழைய எஃகு ரிம்மில் குரோம் பூசியிருக்கும். நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை கொட்டும் ஊரில், நனைந்த குரோம் ரிம்மை நம்பி நெரிசலில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முன் சக்கரமாவது அலுமினியமாக இருக்கட்டும்.

ரிம்மை மட்டும் தனியாக மாற்ற நினைத்தால் ஸ்போக்ஸ் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். பழைய ஆங்கில வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40. ஜப்பான் ரிம்களில் பெரும்பாலும் 36. எனவே முழுச் சக்கரமாகவே மாற்றுவதுதான் சுலபம். முன் ஆக்சில் கொஞ்சம் தடிமனாக இருந்து போர்க் காதில் நுழையாவிட்டால், ஆக்சிலின் இரு பக்கத்தையும் அரத்தால் தட்டையாக ராவுங்கள். போர்க்கை ராவாதீர்கள், ஆக்சில் வேறு வாங்கிக்கொள்ளலாம், அந்தப் போர்க் கிடைக்காது. பின் பக்கம் பழைய பிரேமில் ஹப்புக்கான இடம் ஏறக்குறைய 110 மி.மீ. தான். ஜப்பான் ஹப் அதைவிட அகலமாக இருக்கலாம். எஃகு பிரேம் என்பதால் ஐந்து, பத்து மி.மீ. வரை மெல்ல விரிக்க முடியும். இதைப் பழகியவர் கையில் கொடுங்கள். விரித்த பிறகு நூல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

உங்களுக்குக் கிடைத்தது 28 அங்குல ரோட்ஸ்டர் என்றால் அதன் கம்பி பிரேக்கோடும் எஃகு ரிம்மோடும் அப்படியே கட்டுங்கள். அந்த பிரேக் ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும் வகை. அந்த வளைந்த ரிம்மில் பக்கவாட்டில் பிடிக்கும் சாதாரண பிரேக் வேலை செய்யாது. இரண்டையும் கலக்க முடியாது. கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ. இடைவெளி வைத்து, சக்கரம் ஒரு சுற்று உரசாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். மழை நாளில் மெதுவாகப் போங்கள்.

ரிம் கோட்டம் எடுப்பதைப் பழகிக்கொள்வது நல்லது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, போர்க்கில் ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பியைக் கட்டி அதன் முனையை ரிம்முக்கு அருகில் கொண்டுவாருங்கள். ரிம் வலப்பக்கம் உரசினால் அந்த இடத்தில் இடப்பக்க ஸ்போக்ஸை இறுக்கி, வலப்பக்கத்ததைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். புதிதாகச் சக்கரம் பின்ன வேண்டியிருந்தால் சைட்கார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்து நாள் முழுக்க ஓடும் வண்டிகளைப் பார்க்கிறவர்கள் அவர்கள். 28 அங்குலச் சக்கரம் அவர்கள் விரலுக்குப் பழக்கம்.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போன் கேமராவில் படம் எடுங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பதெல்லாம் பிறகு நினைவுக்கு வராது.

இறுகிய திருகுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை. எந்தப் பெடலாக இருந்தாலும் ஸ்பானரின் மேல்முனையை வண்டியின் முன்பக்கம் நோக்கித் தள்ளினால் இறுகும், பின்பக்கம் தள்ளினால் கழலும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பாட்டம் கப்பில் வலப்பக்கத்ததும் எதிர் மரை. அது நல்ல நிலையில் இருந்தால் கழற்றவே வேண்டாம், உள்ளே வைத்தே துடைத்துவிடலாம்.

கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் என்ற ஆப்புதான் ஆளைச் சோதிக்கும். நட்டை முழுவதும் எடுக்காமல் சில சுற்று மட்டும் தளர்த்துங்கள். கிராங்கின் அடியில், பின்னின் தலை உள்ளே போகுமளவு விட்டமுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸுக்கு, அதாவது எஃகு உருண்டைகளுக்குப் போகும். பிறகு கனமான சுத்தியலால் நேராக, ஒரே அடி. தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தால் பின் நடுவில் வளைந்து மாட்டிக்கொள்ளும். அந்தப் பின்னைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ராலிக்குப் பெரும்பாலும் 9.5 மி.மீ., வேறு சிலவற்றுக்கு 9.

துரு, பெயின்ட், குரோம்

பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, பளபளவென்று புதுப் பெயின்ட் அடிப்பது பலருக்கும் ஆசை. என் கருத்து வேறு. ஹெட் பேட்ஜும், தங்க நிறக் கோடுகளும், கையால் தேய்ந்த இடங்களும் போய்விட்டால் அந்த வண்டியின் வயதே போய்விடும். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, துருப்பிடித்த இடத்தை மட்டும் சரிசெய்து, மேலே மெழுகு பூசுங்கள். சுரண்டியே ஆக வேண்டுமென்றால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த தூசி மூச்சில் போகக் கூடாது, பிள்ளைகள் அருகில் வரக் கூடாது, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நட்டு, வாஷர், கேரியர் கம்பி போன்ற சின்ன இரும்புச் சாமான்களைக் கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு போட்டுவைத்தால் துரு இளகிவிடும். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துடைத்த கையோடு எண்ணெய் பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் விட்டாலே மறுபடி செந்நிறம் படரும். செயின், பால்ஸ், ஸ்பிரிங், அலுமினியம் எதையும் புளியில் போடாதீர்கள். குரோமுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். புள்ளித் துரு போய்விடும்.

பிரேம் குழாய்களின் உள்ளேயும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு, எல்லாப் பக்கமும் சாய்த்து ஓடவிட்டு, ஒரு நாள் தொங்கவிட்டு வடியுங்கள். வெளியே தெரியாத இந்த வேலைதான் வண்டியை அடுத்த மழைக்காலங்களுக்குக் காப்பாற்றும்.

பூட்டுவது

பால்ஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். விலை குறைந்த சாமான், பழையதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ராலி வகையில் கிராங்க் அச்சுக்குப் பக்கத்துக்கு 11, அளவு 1/4 அங்குலம். பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு 9, அதே அளவு. முன் ஹப்புக்குப் பக்கத்துக்கு 10, அளவு 3/16. ஹெட் கப்புக்கு 5/32 அங்குலத்தில் மேலும் கீழும் 25. மூன்று கியர் ஹப்பின் உள்ளமைப்பு வேறு, அதற்கு இந்தக் கணக்கு இல்லை. கப்பும், அதற்கு எதிரே பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, பால் ஓடும் தடத்தில் பேனா முனையை ஓட்டுங்கள். தடுக்கினால் குழி விழுந்திருக்கிறது, மாற்றுங்கள்.

முதலில் போர்க், பிறகு கிராங்க், அப்புறம் சக்கரங்கள். கோனை இறுக்கும்போது ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. சக்கரத்தை மெல்ல விட்டால், வால்வின் எடையிலேயே அது தானாகச் சுழன்று வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் சரி.

காட்டர் பின்களை இரண்டு கிராங்கிலும் எதிரெதிர்த் திசையில் நுழையுங்கள். இல்லையென்றால் கிராங்குகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. பின் சரியாக உட்காராவிட்டால் அதன் தட்டையான முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவிப் பாருங்கள்.

செயினை ஸ்கேல் வைத்து அளங்கள். 12 அங்குலத்தில் சரியாக 24 கண்ணி வர வேண்டும். 1/16 அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் புதிது போடுங்கள். நடுவில் மேலும் கீழும் ஒரு செ.மீ. சுமார் ஆடினால் சரியான தொய்வு. பூட்டுக் கண்ணியின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ரங்கூனும் டெல்டாவும் சமதரை என்பதால் 46 பல் முன், 18 பல் பின் போதும். சாமான் ஏற்றுவதாக இருந்தால், அல்லது ஷ்வேடகோன் மேட்டுப் பக்கம் அடிக்கடி போவதாக இருந்தால், பின்னால் 20 பல் போடுங்கள், முழங்காலுக்கு நல்லது.

பிரேக் கேபிளை வெட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஆங்கில வண்டியும் ஜப்பான் வண்டியும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்தவை. முன் பிரேக் வலது கையில் இருக்கும். பர்மாவில் 1970 முதல் வலப்பக்கம் ஓட்டுகிறோம். எதிர் வாகனங்களைக் கடந்து திரும்ப இடது கையை நீட்டும்போது, ஹேண்டில்பாரில் இருப்பது வலது கை மட்டும். அந்த ஒற்றைக் கையால் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி குப்புறத் தூக்கலாம். கேபிள் பிரேக் என்றால் முன் பிரேக்கை இடது கைக்கு மாற்றிவிடுவதே பத்திரம். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

மட்கார்டைக் குறைக்காதீர்கள். அழகுக்காக அதைக் கழற்றி எறிகிறவர்கள் ஜூலையில் முதுகில் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டு வருவார்கள். தோல் சீட் கிடைத்தால் எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், தொய்ந்துவிடும். மெழுகு கலந்த தோல் பாலிஷ் மெல்லப் பூசுங்கள். மழைக்காலத்தில் பாலிதீன் உறை போட்டுவிட்டு, வீடு வந்ததும் உறையைக் கழற்றிக் காயவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

முதல் ஓட்டம்

குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும்படி சீட்டை ஏற்றுங்கள். முதலில் சந்துக்குள் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நகரின் சில பெரிய சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பலகையைப் பார்த்துப் போங்கள். நீண்ட ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். பான்சோடான் துறையில் வண்டியோடு படகேறி டலாவில் இறங்கினால், துவாந்தே வரை சமதரைச் சாலை.

ஸ்பானரைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் 20, 30 கிலோமீட்டருக்குள் காட்டர் பின் கொஞ்சம் இளகி, பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். அப்போதே நிறுத்தி, பின்னின் தலையில் ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள். சத்தத்தோடே ஓட்டினால் பின் மட்டுமல்ல, கிராங்கின் ஓட்டையும் தேய்ந்துவிடும். ஸ்போக்ஸ்களையும் அன்று மாலையே ஒரு முறை விரலால் மீட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்குங்கள். ஆக்சில் நட்டுகள், ஹெட் நட்டு, ஹேண்டில்பார் போல்ட் மூன்றையும் வார இறுதியில் மறுபடி பாருங்கள்.